கழுத்து நிற்கும் பதம்

கம்மாய்க்கரை ஊர் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. மடை திறக்கத் தண்ணீருக்குள் போய்த் திரும்பி வராதவனுக்கு, மடைக்குப் பக்கத்தில் கரைமேல் ஒரு மண் உருவம் வைப்பார்கள். சூளையில் சுட்ட உருவம். சின்னப் பிள்ளை உயரம் இருக்கும். கம்மாய் பெருகி முதல் தண்ணீர் திறக்கிற அன்றைக்கு, ஒவ்வொரு உருவத்துக்கும் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் மடையைத் திறப்பார்கள். உருவம் இல்லாதவனின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கரையில் நின்ற உருவங்கள் எல்லாம் ஒரே மாதிரி. கை கூப்பி, தலை குனிந்து, பெரியவீட்டைப் பார்த்து நின்றன. ஊர் நிலத்தில் பாதி அந்த வீட்டுக்குச் சொந்தம்.

அந்த வருசம் அடைமழையில் கம்மாய் நிரம்பிக் கரை கசிந்தது. மடையைத் திறந்தால் பெரியவீட்டின் தாழ்ந்த வயல் மூழ்கும். கதிர் முற்றி நின்ற வயல். பொறு, சொல்லி அனுப்புகிறேன் என்றார் பெரியவீட்டுக்காரர். மடைக்காரன் சேவுகன் கரையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு குதித்துவிட்டான். மடை திறந்தது. ஊர் தப்பியது. வயல் மூழ்கியது. சேவுகன் மேலே வரவில்லை.

உருவம் வைக்க வேண்டாம் என்று பெரியவீட்டுக்காரர் சொல்லவில்லை. தாராளமாக வைக்கட்டும், ஆனால் உத்தரவு இல்லாமல் திறந்தவன், அதனால் மற்றவர்களைவிட இன்னும் கொஞ்சம் குனிந்து நிற்கட்டும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கோடையில் கம்மாய் வற்றியதும், சேவுகன் பெண்டாட்டி இருளாயி மண்பானை வனைகிற வேளார் தெருவுக்குப் போனாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒன்றையே சொன்னாள். அவருக்கு உருவம் வேண்டும், நிமிர்ந்து நிற்க வேண்டும்.

தெருவில் எல்லோரும் பெரியவீட்டு நிலத்தில்தான் களிமண் எடுத்தார்கள். ஒருத்தர் இடுப்புப் பிடிப்பு என்றார். ஒருத்தர் சட்டி பானை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றார். இன்னொருத்தர் யோசித்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்த உருவத்துக்கு அளவு தெரியாதே என்றார்.

கடைசி வீடு சிலம்பாயி வீடு. புருசன் வண்டியில் பானை ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போகிறவன். வீட்டில் இவளும், சேலைத் தொட்டிலில் ஒரு கைக்குழந்தையும். இருளாயியைவிட வயதில் ரொம்ப இளையவள். ஆனால் உருவம் பிடிப்பதில் அந்தத் தெருவில் அவளுக்கு மேல் ஆள் இல்லை.

கேட்டு முடிக்கும் வரை சிலம்பாயி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் செய்ய மாட்டேன்க்கா" என்றாள்.

இருளாயி திரும்பி நடந்தாள். சிலம்பாயி கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நான் செஞ்சா, குனிய வைன்னு எங்கிட்ட சொல்லுவாக. மண்ணு எடுக்குறது அவுக நெலத்துல. கேட்டுத்தான் ஆகணும். நீ செய்யி."

"நான் என்னத்தைக் கண்டேன் தாயி? மண்ணுல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கொழுக்கட்டை பிடிப்பியா?"

"பிடிப்பேன்."

"அப்ப வந்து உக்காரு."

கம்மாய்க்குள் கிடக்கிற மண் ஊருக்குப் பொது. இருளாயி மடைக்கு உள்வாயிலிருந்தே மண் சுமந்து வந்தாள். சிலம்பாயி அதில் மணலும் உமியும் போடச் சொல்லி, மிதிக்கச் சொன்னாள். போதுமா என்று கேட்ட போதெல்லாம், ஒன்னோட காலைக் கேளு என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள் மிதிக்கும்போது காலில் ஒரு சின்னக் கல்லும் உறுத்தவில்லை. இருளாயி கேட்காமலே காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

தெருவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. சிஷ்யை குருவைத் தாயி என்கிறாள், குரு சிஷ்யையை அக்கா என்கிறாள். குரு வீட்டில் தொட்டில் ஆடுது, சிஷ்யை தலையில் நரை ஆடுது என்று தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள் பாட்டாகவே படித்தார்கள். இருளாயி தலையைக் குனிந்துகொண்டாள். சிலம்பாயி, பாட்டு நல்லாத்தான் இருக்கு, இன்னும் ரெண்டு வரி சேருங்க என்றாள்.

இருளாயி முதலில் முகத்தைச் செய்தாள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, மூக்கு, தாடை, மீசை என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். சேவுகன் ஓரளவு வந்துவிட்டான். சிலம்பாயி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரே பிடியாகப் பிடித்து உருண்டையாக்கித் திரும்பக் கொடுத்தாள்.

இருளாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. "முகம் மறந்து போயிருமோன்னு பயந்துதான் முதல்ல செஞ்சேன்."

"தண்ணிக்குள்ள முகத்தாலயா எறங்குனாரு?"

"காலால."

"அங்கயிருந்து வா."

பாதத்திலிருந்து தொடங்கினாள். மண்ணைக் கயிறு மாதிரித் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, உள்ளேயும் வெளியேயும் தடவி ஏற்ற வேண்டும். உள்ளே கூடாக இருக்க வேண்டும். கட்டியாக இருந்தால் சூளையில் வெடிக்கும். ஒரு சாண் ஏற்றினால் அது இறுகும் வரை சும்மா இருக்க வேண்டும். இருளாயிக்கு மண் வேலை வந்துவிட்டது, சும்மா இருக்கிறதுதான் வரவில்லை.

முழங்கால் வந்தது. இடுப்பு வந்தது. கைகளைக் கூப்பாமல் தொடையோடு ஒட்டித் தொங்கவிட்டாள். சிலம்பாயி அதைத் திருத்தவில்லை. தோள் வந்தது, கழுத்து வந்தது. கழுத்து இறுகும் முன்பே ஆசையில் தலையைச் செய்து மேலே வைத்துவிட்டாள்.

கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தலை முன்னால் சாய்ந்து, மோவாய் நெஞ்சில் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாயழகு தெருவில் வந்தான். பெரியவீட்டில் காரியம் பார்க்கிறவன். நின்று பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"எங்க குனியணும்னு மண்ணுக்கே தெரியுது பாரு. யாரும் சொல்லிக்குடுக்கவே வேணாம்."

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் போய்விட்டது. கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

இருளாயி தலையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடி சாய்ந்தது. அதற்கப்புறம் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். மூங்கில் சிம்பு ஒன்றைக் கழுத்துக்குள் சொருகி, அதன்மேல் தலையைக் குத்தி வைத்தாள். தலை அசையாமல் நின்றது. அன்றைக்கு அவள் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனாள்.

மண் காயும்போது சுருங்கும். மூங்கில் சுருங்காது. கழுத்தைச் சுற்றி வெடிப்பு விட்டு, உள்ளே சிம்பு தெரிந்தது.

சிலம்பாயி அந்த வெடிப்பில் விரலை வைத்தாள்.

"இது யாரு கழுத்துக்கா?"

இருளாயி குனிந்து வெடிப்பைப் பார்த்தாள்.

"ஒன் வீட்டுக்காரரு கழுத்தா, மூங்கிலு கழுத்தா?"

இருளாயி சிம்பை உருவினாள். அதோடு கழுத்தும் தலையும் உதிர்ந்து மடியில் விழுந்தன. கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

"கழுத்தை எப்படித் தாயி நிக்க வைக்கிறது?"

சிலம்பாயி குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்திருந்தாள். குழந்தையைத் தூக்கி இருளாயியிடம் நீட்டினாள்.

"ஏப்பம் எடுத்து விடுக்கா."

இருளாயி மடியைத் தட்டிவிட்டு, குழந்தையை வாங்கி நேராக உட்கார வைத்தாள். அதற்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. தலை முன்னால் தொங்கப் போனது. இருளாயியின் இரண்டு விரல்கள் தாமாகப் போய்த் தாடையைத் தாங்கிக்கொண்டன. மற்றக் கையால் முதுகைத் தடவினாள்.

"விரலை அங்க வைக்கச் சொல்லி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலையே. இல்லேன்னா தலை தொங்கிரும்ல."

"எத்தனை நாளைக்கு வச்சிருப்ப?"

"கழுத்து நிக்கிற வரைக்கும்."

குழந்தை ஏப்பம் விட்டது. சிலம்பாயி அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

இருளாயி புதுக் கழுத்து வைத்தாள். நகத்தால் கீறினால் தடம் விழாத பதம் வரும் வரை காத்திருந்தாள். தலையைத் தனியாக, உள்ளே கூடாக, லேசாகச் செய்தாள். குழைசேறு தடவிக் கழுத்தில் பொருத்தினாள். பொருத்திய இடம் மட்டும் ஈரம். அந்த ஈரம் இறுகும் வரைதான் ஆபத்து. இரண்டு விரல்களைத் தாடைக்குக் கீழே கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெயில் முற்றத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. கை மரத்துப் போனது. சிலம்பாயி வந்து அவளுக்குக் கஞ்சியைப் புகட்டிவிட்டுப் போனாள். விரலை எடுக்கச் சொல்லவில்லை, வைத்திருக்கவும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பெரியவீட்டுக்காரரே வந்தார். கூட மாயழகு.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. உருவம் பச்சை மண்ணாக இருக்கும் வரை ஊரார் யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், திருத்தலாம். வெந்துவிட்டால் யாரும் கை வைக்கக் கூடாது. வெந்த உருவத்தை உடைத்தவன் வயலுக்கு மடை தண்ணீர் தராது என்பார்கள். பெரியவீட்டிலும் அதை நம்பினார்கள்.

பெரியவீட்டுக்காரர் உருவத்தைச் சுற்றி வந்தார். முகம் அப்படியே சேவுகன்தான் என்று பாராட்டினார். கழுத்துதான் கொஞ்சம் சரியில்லை என்றார். இருளாயி நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. விரலை எடுத்தால்தானே எழுந்திருக்க முடியும்.

சிலம்பாயி குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள்.

"பச்சை உருவம்தானுங்க. ஊருக்குப் பாத்தியம் இருக்கு. திருத்திக்கங்க."

இருளாயி குருவைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவள் அதற்கு முன் யாரையும் பார்த்ததில்லை.

மாயழகு உருவத்தின் பிடரியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். கீழே இருந்த இரண்டு விரல்கள் அசையவில்லை. தாடை மண் விரல்களில் பதிந்து குழிந்தது. கழுத்து போகவில்லை. இன்னும் அழுத்தினான். இருளாயியின் நெற்றியில் நரம்பு புடைத்தது.

"பாத்துய்யா" என்றாள் சிலம்பாயி. "கழுத்து எறுகிருச்சு. இன்னும் அமுக்குனா தலை கையோட வந்துரும். பெறகு தலையில்லாத உருவத்தைத்தான் கரையில வைக்கணும். அதுவும் பெரியவீட்டைப் பாத்து."

பெரியவீட்டுக்காரர் கையைக் காட்டினார். மாயழகு கையை எடுத்துவிட்டான்.

தண்ணீர் தெளித்து ஈரத்துணி சுற்றினால் மண் இளகும் என்பது பெரியவீட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தது. அப்படி இளக்கிக் குனிய வைத்துவிட்டுத்தான் சூளை ஏற்ற வேண்டும், அன்றைக்குத் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் தெரு திரும்பும் வரை இருளாயி பொறுத்தாள்.

"இன்னைக்கே சூளை வச்சிரலாம் தாயி."

"வெடிக்கும்."

"அவுக திரும்ப வந்துட்டா?"

"உள்ள ஈரத்தை வச்சுக்கிட்டு நெருப்புக்குப் போனா, அவுக வரவே வேணாம்."

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று இருளாயி கேட்டாள். கன்னத்தை வச்சுப் பாரு, குளிருச்சுன்னா ஈரம் என்றாள் சிலம்பாயி.

அதிலிருந்து இருளாயி தினமும் வந்து, உருவத்தின் நெஞ்சில் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். குளிர்ந்தது. மறுநாளும் குளிர்ந்தது. தெருவில் யாரும் இப்போது பாட்டுப் படிக்கவில்லை. அவள் மண் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கும்போது, குடம் எடுத்துப் போகிறவர்கள் சத்தமில்லாமல் போனார்கள்.

மாயழகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தான். ஈரத்துணி எங்கே என்றான். துவைத்துக் காயப் போட்டிருக்கிறது என்றாள் சிலம்பாயி. அடுத்த தடவை கேட்டதற்கு, இன்னும் காயவில்லை என்றாள். ஈரத்துணி காய்ந்தால் என்ன, காயாவிட்டால் என்ன என்று அவனுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது.

ஒரு நாள் உச்சி வெயிலில் இருளாயி நெஞ்சிலிருந்து கன்னத்தை எடுத்தாள்.

"தாயி. குளிரலை."

சிலம்பாயியும் வந்து கன்னத்தை வைத்துப் பார்த்தாள். தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, சேலையை இழுத்துச் சொருகினாள். இரண்டு பேருமாக உருவத்தைத் தூக்கி சூளையில் வைத்து, சுற்றிலும் வறட்டியும் விறகும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே சேறு மெழுகினார்கள். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. வைக்கோல் கொஞ்சம் குறைந்தது. அளவு தெரியாதே என்று சொன்னவர் ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

புகை எழுந்த பிறகுதான் மாயழகு ஓடி வந்தான். சூளையைப் பிரி என்றான். நெருப்பு ஏறிய சூளையைப் பிரிக்கிற ஆள் அந்தத் தெருவில் இல்லை. அவனே போய்க் கையை வைத்துப் பார்த்து, ஊதிக்கொண்டு திரும்பினான்.

சூளை ஆறிய பிறகு திறந்தார்கள். உருவம் செக்கச் செவேல் என்று இருந்தது. குதிகாலில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். தாடைக்குக் கீழே இரண்டு விரல் தடம். மேலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீருக்குள் நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். அதைத் தேய்த்துவிடவா என்று இருளாயி கேட்டாள்.

"எதுக்கு?" என்றாள் சிலம்பாயி.

அடுத்த மழைக்குக் கம்மாய் பெருகியது. முதல் தண்ணீர் திறக்கிற நாள் வந்தது. ஊர் கரைமேல் கூடும் முன்பே இருளாயி உருவத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் வைத்துவிட்டாள். பெரியவீட்டைப் பார்த்து வைக்கவில்லை. தண்ணீரைப் பார்த்து வைத்தாள்.

புது மடைக்காரன் குடத்தோடு வந்தான். ஒவ்வொரு உருவத்துக்கும் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொன்னான். கடைசி உருவத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான். பெரியவீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தான். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

இருளாயி கூட்டத்திலிருந்து வந்து அவன் கையிலிருந்த குடத்தை வாங்கினாள். உருவத்தின் தலையில் ஊற்றினாள். தண்ணீர் முகத்தில் இறங்கி, தாடையில் வடிந்தது.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து புருசனை அவரு, அவுக என்பதைத் தவிர அவள் வாயில் வேறு எதுவும் வந்ததில்லை. அந்த ஊரில் எந்தப் பெண்டாட்டி வாயிலும் புருசன் பெயர் வந்ததில்லை.

"சேவுகன்" என்று கூப்பிட்டாள்.

இன்னொரு தடவை, கம்மாயின் மறுகரைக்குக் கேட்கிற மாதிரி, "சேவுகன்" என்றாள்.

பெரியவீட்டுக்காரர் கைத்தடியால் உருவத்தின் தோளை லேசாகத் தட்டினார். கணீர் என்றது. வெந்த மண். தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"குனிய வைக்கச் சொல்லியிருந்தேனே" என்றார். கோபம் இல்லாத மாதிரிதான் கேட்டார்.

இருளாயி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்குத் தெரியாதுங்க. அதை மட்டும் சொல்லிக்குடுக்கலை."

அவர் சிலம்பாயி பக்கம் திரும்பினார். அவள் தோளில் குழந்தை இருந்தது. அதற்குக் கழுத்து நின்றிருந்தது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மண்ணு மிதிக்கிறதுலயிருந்து சூளை வைக்கிற வரைக்கும் எல்லாம் சொல்லிக்குடுத்திருக்க. அதை ஏன் சொல்லிக்குடுக்கலை?"

சிலம்பாயி குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஈரமா இருந்தா மண்ணு தானாக் குனியுங்க. அதுக்கு எதுக்குங்க குரு?"